மேடவாக்கத்திலிருந்து கிண்டிக்கு நாள்தோறும் சென்று வர, ஒரு லட்சத்துக்குள் எந்த ஸ்கூட்டர்?

ஏரிக்கரைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறேன். கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு சிறிய நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. இதுநாள் வரை பேருந்திலும், பேருந்து வராத நாட்களில் பைக் டாக்சியிலும் சென்று வந்தேன். மாதக் கடைசியில் அந்தச் செலவைக் கூட்டிப் பார்த்த பிறகு, சொந்தமாக ஒரு ஸ்கூட்டர் வாங்கிவிடலாம் என்று வீட்டில் முடிவாகிவிட்டது.

போக வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 26 கிமீ ஓடும். காலையில் 7 வயது மகனைப் பள்ளியில் இறக்கிவிட வேண்டும். வாரத்தில் ஓரிரு முறை அம்மாவை மருத்துவரிடமோ கோயிலுக்கோ அழைத்துச் செல்ல வேண்டும். அவர் புடவையில் ஒருபக்கமாகத்தான் உட்காருவார். சனிக்கிழமைகளில் மளிகைச் சாமானும் இருபது லிட்டர் தண்ணீர் கேனும் வண்டியில் வரும். என் உயரம் 152 செமீ. கல்லூரி நாட்களில் ஸ்கூட்டி பெப் ஓட்டியிருக்கிறேன் என்றாலும், அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டுகளாகக் கைப்பிடியைத் தொட்டதில்லை. உரிமம் மட்டும் காலாவதியாகாமல் இருக்கிறது.

உறவினர் அனைவரும் கண்ணை மூடிக்கொண்டு ஆக்டிவா வாங்கிவிடு என்கிறார்கள். அலுவலகத்தில் இருக்கும் இளைஞர்களோ, இந்தக் காலத்தில் பெட்ரோல் வண்டி வாங்குபவர்களை விநோதமாகப் பார்க்கிறார்கள். காட்சியறைகளில் மைலேஜையும், திரையில் தெரியும் ப்ளூடூத் வசதியையும் பற்றியே பேசுகிறார்கள். எனக்குள்ள அச்சம் வேறு. எங்கள் குடியிருப்பில் வண்டி நிறுத்துமிடம் தரைக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து தெருவுக்கு ஏறி வரும் சரிவு செங்குத்தாக இருக்கும். பாதிச் சரிவில் காவலாளி கதவைத் திறக்கும் வரை நிற்க வேண்டும். அந்த இடத்தில் வண்டி என் கையை மீறிச் சாய்ந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. எல்லாச் செலவும் சேர்த்து ஒரு லட்சத்துக்குள் முடிக்க விரும்புகிறேன். அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

வேளச்சேரி பட்டறைக்காரர் எழுதியது:

வணக்கம் சகோதரி. இருபத்திரண்டு ஆண்டுகளாக ஸ்கூட்டர் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: வண்டி வாங்க வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் மைலேஜில் தொடங்குகிறார்கள், நீங்கள் சரிவில் தொடங்கியிருக்கிறீர்கள். அதிலேயே பாதித் தேர்வு முடிந்துவிட்டது.

எடையைப் பாருங்கள். ஆக்டிவா, ஜூபிடர், சுசுகி அக்சஸ் மூன்றுமே 105 கிலோவை ஒட்டியவை. அவற்றுக்குள் ஒரு கிலோ முன்பின் இருப்பது உங்கள் கைக்குத் தெரியாது. யமஹா ஃபாசினோ 99 கிலோதான், ஆனால் அதன் இருக்கை 780 மிமீ உயரம். எடை குறைந்தது என்று அதை எடுத்துவிட்டுக் கால் ஊன்ற முடியாமல் தவிக்கும் பெண்களையும், எடை கூடிய வண்டியில் இரண்டு பாதமும் பதிய நிம்மதியாக நிற்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். தாளில் அச்சிட்டிருக்கும் உயரத்தை மட்டும் நம்பவும் கூடாது. இருக்கையின் முன்பகுதி அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, கால் எட்டும் தூரம் குறைந்துவிடும். அதே உயரத்தில் முன்பகுதி ஒடுங்கிய இருக்கை என்றால் பாதம் தரையில் படியும். ஆகையால் வண்டியில் உட்கார்ந்த நிலையில், இயந்திரத்தை அணைத்துவிட்டு, கால்களால் மட்டும் தள்ளி இரண்டு அடி பின்னால் கொண்டு வந்து பாருங்கள். அது முடிந்தால் அந்த வண்டி உங்களுக்குரியது. முடியாவிட்டால் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம்.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் முக்கியம். 2024இல் வந்த புதிய ஜூபிடர் 110இல் பெட்ரோல் தொட்டியைக் கால் வைக்கும் பலகைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். தொட்டி நிறைந்திருக்கும்போதும் பாரம் கீழேயே இருப்பதால், மெதுவாகப் போகையில் வண்டி அலைவது குறைகிறது. பெட்ரோலும் முன்பக்கமே ஊற்றிக்கொள்ளலாம். இருக்கைக்கடியில் தொட்டி இல்லாததால் அங்கே 33 லிட்டர் இடம் கிடைக்கிறது. உங்கள் மளிகைப் பையில் பாதி அதற்குள் போய்விடும்.

சக்கரங்களுக்கு வருகிறேன். ஆக்டிவாவிலும் அக்சஸிலும் முன் சக்கரம் 12 அங்குலம், பின் சக்கரம் 10 அங்குலம். ஜூபிடரில் இரண்டுமே 12. சிறிய சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கி ஏறும், பெரியது அதன் மேல் உருண்டு கடக்கும். மெட்ரோ பணிக்காக மேடவாக்கம், கோவிலம்பாக்கம், கீழ்க்கட்டளைப் பக்கம் சாலை கிடக்கும் நிலையில், பின்னால் அமரும் உங்கள் அம்மாவின் இடுப்புக்கு இந்த இரண்டு அங்குலம் ஒரு பொருட்டுதான்.

125 சிசி தேவையா என்று அடுத்து நீங்களே கேட்பீர்கள். தனியாகச் செல்வதற்குத் தேவையில்லை. இருவர் அமர்ந்து மேம்பாலம் ஏறும்போது 110 சிசி வண்டி சற்று முனகும், அவ்வளவுதான். அந்த முனகல் பிடிக்காதவர்களுக்கு 125 சிசி அக்சஸ் நல்ல வண்டி. இழுவையில் குறை சொல்ல முடியாது. மைலேஜைப் பொறுத்தவரை, நெரிசலில் ஓடும் எந்த ஸ்கூட்டரும் லிட்டருக்கு 45க்கு ஒன்றிரண்டு முன்பின் கொடுத்தால் மகிழ்ச்சியடையுங்கள். சக்கரத்தில் காற்றழுத்தம் குறைந்திருந்தால் அதில் மூன்று நான்கு கிலோமீட்டர் தானாகக் காணாமல் போகும். வண்டிக்கு வண்டி உள்ள வேறுபாட்டைவிட இது பெரிது.

மழைக்கால எச்சரிக்கை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இயந்திரத்தின் விசை இடப்பக்கப் பெட்டிக்குள் ஓடும் ஒரு ரப்பர் பெல்ட் வழியாகத்தான் பின் சக்கரத்துக்குச் செல்கிறது. அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும். இயந்திரம் உறுமும், வண்டி நகராது. அது உலர்ந்தால் சரியாகிவிடும். ஆனால் காற்று வடிகட்டி வழியாகத் தண்ணீர் இயந்திரத்துக்குள்ளேயே போய், நின்ற வண்டியை மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்தால், உள்ளே பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு என்ற தண்டு வளைந்துவிடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு என் பட்டறை வாசலில் நின்ற வண்டிகளில் பல, வெள்ளத்தால் கெட்டவை அல்ல. வெள்ளத்தில் பொத்தானை அழுத்தியதால் கெட்டவை. பள்ளிக்கரணைச் சாலையில் தண்ணீர் நிற்கும் நாளில் வண்டி நின்றுவிட்டால் தள்ளிக்கொண்டே வாருங்கள்.

சுருக்கமாகச் சொன்னால் ஜூபிடரை முதலில் பாருங்கள், அடுத்து அக்சஸ். ஆக்டிவாவும் மோசமில்லை, உதிரிபாகம் தெருவுக்குத் தெரு கிடைக்கும். உறவினர்கள் சொல்வதற்காக மட்டும் அதை எடுக்க வேண்டியதில்லை. எதுவானாலும் முன்பக்கம் டிஸ்க் பிரேக் உள்ள வகையாகப் பார்த்து எடுங்கள். சோதனை ஓட்டத்தைக் காட்சியறைக்கு முன்னால் உள்ள சமமான சாலையில் செய்யாதீர்கள். வண்டியை உங்கள் வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லி, அந்தச் சரிவில் நிறுத்திப் பாருங்கள்.

மடிப்பாக்கம் மின்னோடி எழுதியது:

மின்வண்டியைப் பற்றி யாரும் எழுதாததால் நான் எழுதுகிறேன். இரண்டரை ஆண்டுகளாக மின் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். அதன் மேல் எனக்குள்ள பிரியத்தையும் மீறிச் சொல்வதென்றால், உங்கள் தேர்வு வண்டியில் இல்லை, பிளக்கில் இருக்கிறது.

கணக்கு எளிது. நாளுக்கு 26 கிமீ வீதம் மாதம் 25 நாட்கள் ஓடினால் 650 கிமீ. பெட்ரோல் வண்டிக்கு 14 லிட்டருக்குச் சற்று மேல் ஆகும்; லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய நிலையில் மாதம் 1,450 ரூபாய்க்குக் குறையாது. என் வண்டி, சார்ஜ் செய்யும்போது வீணாவதையும் சேர்த்து, நூறு கிலோமீட்டருக்கு மூன்றரை யூனிட் எடுக்கிறது. உங்கள் ஓட்டத்துக்கு மாதம் 23 யூனிட், அதாவது இரண்டு மாதப் பட்டியலில் 46 யூனிட் கூடும். இதில் பலர் கவனிக்காத ஓர் இடம் உண்டு. நம் வீட்டு மின்கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ்ப்படிகளின் கட்டணமும் சேர்ந்து உயர்ந்துவிடும் என்பது பட்டியல் வந்த பிறகுதான் தெரியவரும். இப்போது நீங்கள் 470, 480 என்று அந்த விளிம்பில் இருப்பவர் என்றால், வண்டியின் 46 யூனிட் உங்களை மறுபக்கம் தள்ளிவிடும். விளிம்பிலிருந்து தள்ளி இருப்பவர்களுக்கு மாதச் செலவு இருநூறு ரூபாயை ஒட்டித்தான் இருக்கும். ஆக ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 ரூபாய் மிச்சம். வண்டி விலையில் முப்பதாயிரம் கூடுதலாகக் கொடுத்தாலும் இரண்டு ஆண்டுகளில் ஈடாகிவிடும்.

ஆனால் குடியிருப்பில் உங்கள் மீட்டரிலிருந்து நிறுத்துமிடம் வரை தனிக் கம்பி இழுத்து, நில இணைப்புடன் (எர்த்) கூடிய பிளக் வைக்கச் சங்கம் எழுத்தில் அனுமதி தந்திருக்கிறதா? பொது மின் இணைப்பிலிருந்து எடுக்கலாம் என்று செயலாளர் வாய்மொழியாகச் சொல்வதை நம்பி வாங்கி, அடுத்த பொதுக்குழுவில் திட்டு வாங்கியவர்களில் நானும் ஒருவன். உங்களுடையது தரைக்குக் கீழ் நிறுத்துமிடம் என்பதால், மழைநாளில் வண்டியை மேலே ஏற்றி வைக்க இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். எடையும் கூடுதல், ஏத்தர் ரிஸ்டா போன்ற குடும்ப வண்டிகள் 119 கிலோ. பட்டறைக்கார ஐயா சொன்ன சரிவுச் சோதனை அதற்கும் பொருந்தும், இருப்பினும் பிடியைத் திருகிய உடனே இழுவை வருவதால் சரிவில் நின்று கிளம்புவதற்கு மின்வண்டி போல் சுகமானது எதுவுமில்லை. பிளக்கே வைக்க முடியாது என்றால், மின்கலத்தைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துச் சென்று சார்ஜ் செய்யும் ஹீரோ விடா வகையைப் பார்க்கலாம். மாடி ஏறி இறங்கும் வேலை உங்களுடையது.

உரிமமும் பதிவும் தேவையில்லை என்று கூவி விற்கும் மலிவு மின்வண்டிகளின் பக்கம் மட்டும் போகாதீர்கள். மணிக்கு 25 கிமீ வேகத்துக்குள் அடங்கியவற்றுக்கே அந்த விலக்கு. வேளச்சேரி – தாம்பரம் சாலையில் அந்த வேகத்தில் போவது ஆபத்து.

பழையது போதும் எழுதியது:

பதினைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு கைப்பிடியைத் தொடப்போகிறவர், முதல் ஆறு மாதங்களில் எங்காவது இடிப்பார், எங்காவது உரசுவார். அந்தக் கீறல்களை ஒரு லட்ச ரூபாய் வண்டியின் மீது போடுவதற்குப் பதில், நாற்பதாயிரத்துக்கு நான்கைந்து ஆண்டு ஓடிய வண்டியை எடுக்கலாமே? 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பிஎஸ் 6 என்ற புகை மாசு விதிக்கு உட்பட்ட வண்டியாகப் பார்த்து வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து, கடன் இருந்து அடைத்திருந்தால் படிவம் 35, அரசின் பரிவாகன் இணையதளத்தில் நிலுவை அபராதம் ஏதும் இல்லை என்ற உறுதி, இவை கைக்கு வந்த பிறகே முழுப் பணத்தையும் கொடுங்கள்.

வேளச்சேரி பட்டறைக்காரர் எழுதியது:

நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் தென்சென்னையில் பழைய வண்டி வாங்குவதென்றால் அது தண்ணீரில் நின்றதா என்று பார்க்கத் தெரிய வேண்டும். இருக்கையைத் தூக்கி, அடியில் உள்ள கம்பி இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா, முன்பக்க மூடிக்குள் விரல் விட்டால் காய்ந்த சேறு ஒட்டுகிறதா என்று பாருங்கள். தெரிந்தவர் வீட்டு வண்டி என்றால் தாராளமாக எடுக்கலாம். முகம் தெரியாத ஆளிடம் வாங்குவதாக இருந்தால் ஒரு மெக்கானிக்கை அழைத்துச் செல்லுங்கள்.

வரவுசெலவு எழுதியது:

வண்டியைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் விலைப்பட்டியலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கணக்குப் பிரிவில் இருப்பதால் உங்களுக்கு இது எளிது.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்துவிட்டது. மின்வண்டிக்கு முன்போலவே 5 விழுக்காடு. எனவே இரண்டுக்கும் இடையே இருந்த விலை இடைவெளியைப் பழைய பதிவுகளைப் படித்து முடிவு செய்யாதீர்கள். தமிழ்நாட்டில் புதிய இருசக்கர வண்டிக்கு வாழ்நாள் வரி, விலை ஒரு லட்சத்துக்குள் என்றால் 10 விழுக்காடு, அதைத் தாண்டினால் 12. மின்வண்டிகளுக்கு இந்த வரியில் விலக்கு அளித்து வந்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்பதைப் பட்டியலில் வரி என்ற வரிசையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

காப்பீட்டில்தான் பணம் கசியும். மூன்றாம் நபர் காப்பீடு ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுப்பது புதிய வண்டிக்குக் கட்டாயம். 75 முதல் 150 சிசி வரை அதன் தொகை 3,851 ரூபாய், அதற்கு மேல் வரி. இது அரசு நிர்ணயித்தது, எங்கும் மாறாது. சொந்தச் சேதத்துக்கான பகுதியில்தான் ஆளுக்கு ஆள் விலை மாறும். அதை விற்பனையாளரிடமே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. வெளியில் ஒரு விலை கேட்டுக் கையில் வைத்துக்கொண்டு பேசினாலே ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு இறங்கும். ஆனால் எங்கே எடுத்தாலும் இயந்திரப் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேருங்கள். முதல் பதிலில் சொன்னதுபோல் தண்ணீரில் ஸ்டார்ட் செய்து கெட்ட இயந்திரத்துக்குச் சாதாரணக் காப்பீடு பணம் தராது.

கடந்த ஆண்டு என் மனைவிக்கு வண்டி எடுத்தபோது, ஒரு விற்பனை நிலையத்தில் ‘கையாளும் கட்டணம்’ என்று 3,500 ரூபாயும், ‘அவசியத் துணைப்பொருட்கள்’ என்று 4,800 ரூபாயும் பட்டியலில் இருந்தன. முதலாவது எதற்கு என்று கேட்டேன். பதிவு அலுவலகச் செலவு என்றார்கள். பதிவுக் கட்டணம் தனி வரிசையில் இருப்பதைக் காட்டினேன். மேலாளர் வந்தார், அது அடிக்கப்பட்டது. இரண்டாவதில் தரைவிரிப்பும் ஒரு கம்பிச் சட்டமும் இருந்தன. சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டோம். சத்தம் போடத் தேவையில்லை. ஒவ்வொரு வரிசையையும் விரலால் தொட்டு, இது எதற்கு என்று அமைதியாகக் கேட்டால் போதும்.

தலைக்கவசத்தையும் மறக்காதீர்கள். வண்டி விற்கும்போதே ஒன்று தர வேண்டும் என்பது விதி. மகனுக்கு அளவான ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஒன்றைத் தனியாக வாங்கிவிடுங்கள். நான்கு வயதைக் கடந்த குழந்தை ஒரு ஆளாகவே கணக்கிடப்படும் என்பதால், அம்மாவையும் மகனையும் ஒரே பயணத்தில் ஏற்றக் கூடாது.

ஏரிக்கரைவாசி எழுதியது:

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

மின்வண்டிதான் மனத்துக்குள் ஆசையாக இருந்தது. எங்கள் இரண்டு மாதப் பயன்பாடு 360 யூனிட்தான் என்பதால் கட்டண விளிம்பும் தடையாக இல்லை. ஆனால் சங்கத்தில் எழுதிக் கேட்டபோது, கீழ்த்தளத்தில் தண்ணீர் வந்தால் மின்கசிவு ஏற்படும் என்று சொல்லி, அடுத்த ஆண்டு ஒரு பொது ஏற்பாடு செய்வதாகத் தள்ளிப்போட்டுவிட்டார்கள். நான்காம் மாடிக்கு மின்கலத்தைத் தூக்கிச் செல்லும் துணிவும் எனக்கில்லை. எங்கள் மின்தூக்கி மாதத்தில் நான்கு நாள் ஓய்வெடுக்கும்.

பட்டறைக்கார ஐயா சொன்னபடி, ஆக்டிவா, ஜூபிடர், அக்சஸ் மூன்றையும் வெவ்வேறு நாட்களில் வீட்டுக்கு வரவழைத்தேன். சரிவில் பாதியில் நிறுத்தியதும், அம்மா பின்னால் அமர்ந்திருக்க, அக்சஸில் என் குதிகால் தரையில் பதியவில்லை. வண்டியின் மீது குறையில்லை, என் உயரம் அப்படி. ஆக்டிவாவிலும் ஜூபிடரிலும் நிற்க முடிந்தது. பின்னுக்குத் தள்ளும் சோதனையில் ஜூபிடர் எனக்குச் சற்று இலகுவாக இருந்தது. நடு ஸ்டாண்டில் ஏற்றுவதற்கும் உடல் எடையை மிதியில் வைத்ததும் தானாக ஏறிக்கொண்டது. அம்மாவின் தீர்ப்பு வேறு காரணத்தால் வந்தது: ஒருபக்கமாக அமரும்போது பாதம் வைக்கும் தட்டு எதில் வசதியாக இருக்கிறது என்பதை மட்டுமே அவர் பார்த்தார், அவரும் ஜூபிடரையே சொன்னார்.

முன்பக்க டிஸ்க் பிரேக் உள்ள வகைக்கு முன்பணம் கட்டிவிட்டேன். பட்டியலில் கையாளும் கட்டணம் எங்களுக்கும் இருந்தது, இரண்டாயிரத்து எண்ணூறு. விரலை வைத்துக் கேட்டேன், எடுத்துவிட்டார்கள். காப்பீட்டில் இயந்திரப் பாதுகாப்பைச் சேர்த்த பிறகும் மொத்தம் ஒரு லட்சத்துக்குள் நின்றது. அடுத்த வெள்ளிக்கிழமை வண்டி வருகிறது. முதல் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பெரும்பாக்கம் பக்கம் ஆளில்லாத சாலையில் பழகிவிட்டு, அதன் பிறகே மகனை ஏற்றுவதாக இருக்கிறேன். முதல் சர்வீஸ் முடிந்ததும் உண்மையான மைலேஜை இங்கே பதிவு செய்கிறேன்.